நோட்டை எங்கே நிறுத்துகிறோம்? பேஸ் கிட்டார், ஆம்ப், கூட வாசிப்பவர்கள் பற்றி

கீழ்ஸ்தாயி (சென்னை) எழுதியது:

பேஸ் கிட்டார் கற்க வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். எந்த பேஸ் வாங்கலாம், ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) எத்தனை வாட், நாலு கம்பியா அஞ்சு கம்பியா. மூன்றுக்கும் நான் சொல்லும் பதில் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

பேஸ் வாசிப்பவர் நோட்டை எப்போது ஆரம்பிக்கிறார் என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். எங்கே நிறுத்துகிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் பாதி வாசிப்பு அங்கேதான் இருக்கிறது. டிரம்ஸில் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) விழும் நேரத்தில் பேஸ் நோட்டு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால் ஸ்னேர் அமுங்கிப்போகும். அதே நோட்டை ஸ்னேருக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டிப் பாருங்கள். டிரம்மர் கூடுதலாக எதுவும் செய்யாமலே அந்த அடி கணீரென்று கேட்கும். கருவி, ஸ்ட்ரிங், ஆம்ப், ஹால், கூட வாசிப்பவர் என எதைப் பற்றிக் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் நிறுத்த நினைத்த இடத்தில் நோட்டு நிற்கிறதா?

முதலில் கருவி. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அன்று வைத்த 34 அங்குல ஸ்கேல்தான் (கம்பி அதிரும் நீளம்) இன்றும் பெரும்பாலான பேஸ்களின் அளவு. 1957-இல் அதன் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச்சுருள்) இரண்டு துண்டாக்கி வைத்தார்கள், இரைச்சல் அடங்கியது. 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. நெக் ஒல்லி, பிக்கப் இரண்டு. முதல் கருவியாக நான் சிபாரிசு செய்வது பிரிசிஷன் வகை, நாலு கம்பி, பேட்டரி இல்லாத பாஸிவ். ஃபெண்டரே வாங்க வேண்டியதில்லை. ஸ்கொயர், யமஹா பி.பி. வரிசை எல்லாம் தாராளமாகப் போதும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் நடு அலைவரிசை குழிந்துவிடும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது ரொம்ப அழகாக இருக்கும். மேடையில் இரண்டு கீபோர்டும் ஒரு கிட்டாரும் சேர்ந்ததும் காணாமல் போகும். பிரிசிஷனுக்கு அந்த நடுப்பகுதிதான் பலம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் பேஸில் ஒரே ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து வாசித்தால் மின்சார ஹம் கேட்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் (விரல்பலகையில் பதித்த உலோகக் கோடு) கிடைக்கும் ஜி நோட்டு 49 ஹெர்ட்ஸ். ஜி-யில் இருக்கும் பாட்டில் நீங்கள் நோட்டை வெட்டினாலும் அந்த ஹம் நோட்டை நீட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பிக்கப்பையும் ஒரே அளவில் வைத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஹம் போய்விடும்.

அடுத்து ஸ்ட்ரிங். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனியின் அறுபதுகளின் பதிவுகளில் பெரும்பகுதிக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் கையில் இருந்தது 1962-ஆம் வருடத்து பிரிசிஷன். தடித்த ஃப்ளாட்வவுண்ட் (மேலே தட்டையான கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங், அதுவும் அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் உலோகத் துண்டு) மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. பழைய ஸ்ட்ரிங்கும் ஸ்பாஞ்சும் சேர்ந்தால் நோட்டு 'தும்' என்று விழுந்து உடனே அடங்கும். அடங்கும் நோட்டு என்பதால்தான் அவரால் அத்தனை நோட்டுகளை ஒரு அளவுக்குள் திணிக்க முடிந்தது. அவ்வளவு நெருக்கமாக ஓடியும் பாட்டுக்காரரின் வாயை அடைக்கவில்லை. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசிப்பார். நின்றபடி வாசிக்கும் டபுள் பேஸில் பழகிய கை அது. ஸ்டுடியோவில் ஆம்ப் கிடையாது, நேராக கன்சோலுக்கு (மிக்சர்) போகும் லைன். இவ்வளவு பாட்டுக்கும் உறையில் அவர் பெயர் வர 1971-இல் மார்வின் கேயின் ஆல்பம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1983-இல் இறந்தார். அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னால் அந்த பேஸும் திருடு போனது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங் மாட்டிய உடனே பளபளவென்று கேட்கும் சத்தத்துக்கு மயங்காதவர் கிடையாது. அந்தப் பளபளப்பு சென்னை வியர்வையில் எப்படியும் சீக்கிரம் போய்விடும். எனக்கு அதற்கு அப்புறம் கிடைக்கும் சத்தம்தான் பிடிக்கும்.

ஆம்ப் விஷயத்துக்கு வருகிறேன். "கிட்டாருக்கு 50 வாட் ட்யூப் ஆம்ப் காதைக் கிழிக்கிறது, எனக்கு 300 வாட் பத்தவில்லை, ஏன்?" என்று கேட்கிறார்கள். காரணம் காற்றுதான். அதே அளவு சத்தம் ஒரு ஆக்டேவ் கீழே வேண்டுமென்றால் ஸ்பீக்கர் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். நம் காதும் கீழ் ஸ்தாயியைச் சரியாகக் கேட்காது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு 'இரட்டிப்பு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. அதனால் 300-க்கும் 500-க்கும் நடுவில் குழம்பிக் காசை விடாதீர்கள். அந்தக் காசில் இன்னொரு கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) வாங்கினால் வித்தியாசம் தெரியும். ஆனால் ஓம் (மின்தடை) கணக்கு பார்த்துச் செய்யுங்கள். 8 ஓம் கேபினட் இரண்டு சேர்த்தால் 4 ஓம். ஆம்ப் பின்னால் '4 ஓம் குறைந்தபட்சம்' என்று போட்டிருந்தால் மூன்றாவதைச் செருகக் கூடாது.

ஆம்பெக் எஸ்.வி.டி. பற்றி எல்லோரும் கனவு காண்கிறார்கள். 1969-இல் வந்தது, 300 வாட், முழுக்க ட்யூப் (பழைய ரேடியோக்களில் இருந்த வால்வு). தலைப்பெட்டி மட்டும் 40 கிலோவுக்குப் பக்கம். கூடவே பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டி. அந்தப் பெட்டியின் இன்றைய மாடல் 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. பேஸின் கடைசி ஈ 41 ஹெர்ட்ஸ். அப்படியானால் உலகமே போற்றும் அந்தப் பெட்டி அடி நோட்டின் அடியை முழுதாகக் கொடுப்பதே இல்லை. ஆனாலும் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஓட்டை இல்லாத மூடிய பெட்டி, கோன் சட்டென்று நிற்கும், நோட்டும் நிற்கும். என் காதுக்கு அதன் ரகசியம் அதுதான்.

இன்றைக்கு கிளாஸ் டி (எடை குறைந்த நவீன வகை) ஆம்ப் மூன்று கிலோவுக்குள் 500 வாட், 800 வாட் கொடுக்கிறது. தோள் வலி இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

கூட வாசிப்பவர்கள் பற்றிச் சுருக்கமாக. நல்ல டிரம்மர் கிடைத்தால் மோசமான ஆம்பும் நன்றாக ஒலிக்கும். கீபோர்டுக்காரர் இடது கையை அடக்கி வாசித்தால் அவருக்கு ஆயுளுக்கும் நன்றி சொல்வேன். கிட்டார்காரர்களோடு எனக்குப் பெரிய தகராறு எதுவும் இல்லை.


சேலம் ஸ்னேர் எழுதியது:

அண்ணா, டிரம்ஸ் பக்கமிருந்து சொல்கிறேன், ஸ்னேர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. பேஸிஸ்ட் நோட்டை வெட்டுகிறாரா என்று முதல் பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிடும். வெட்டாதவரோடு வாசிக்கும்போது இரண்டு மணி நேரம் கழித்து என் கை வலிக்கும். ஸ்னேர் கேட்கவில்லையே என்று நான் இன்னும் பலமாக அடித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் பழியை பேஸிஸ்ட் மேல் மட்டும் போட முடியாது. காலால் அடிக்கும் என் கிக் டிரம்முக்குள் தலையணை இல்லாவிட்டால் அது 'பூம்ம்ம்' என்று இழுக்கும். அவர் என்ன வெட்டி என்ன பிரயோசனம்? எனக்கு சவுண்ட் செக்கில் ஒரு பழக்கம் உண்டு. மற்ற எல்லோரும் டீ குடிக்கப் போகும்போது நானும் பேஸிஸ்டும் மட்டும் கிக்கும் பேஸும் சேர்த்து ஒரு நாலு பார் வாசிப்போம். ஹை-ஹாட்டைக்கூடத் தொட மாட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் அடங்குகிறதா என்று அதில் பளிச்சென்று தெரியும்.

லைட் மியூசிக் மேடையில் இன்னொரு பிரச்சினை, தாளக்காரர் நான் மட்டும் இல்லை. தபேலா, டோலக், ஆக்டோபேட் எல்லாம் உண்டு. தபேலாவின் இடது பக்கமும் டோலக்கின் அடிப்பக்கமும் கீழ் ஸ்தாயியில் இழுத்து ஒலிப்பவை, சுருதியும் ஏறி இறங்கும். அவர்கள் வாசிக்கும் சரணத்தில் பேஸ் யாரைப் பார்த்து வெட்ட வேண்டும்? நான் சொல்வது: அந்த இடத்தில் என்னை விட்டுவிட்டு தபேலாக்காரரின் இடது கையைப் பாருங்கள்.


ஃப்ரெட் இல்லாதவன் எழுதியது:

கீழ்ஸ்தாயி அவர்களே, மரியாதையோடு மறுக்கிறேன். உங்கள் பேச்சைக் கேட்டால் பேஸ் என்பது தாளக் கருவி மட்டும் என்று ஆகிவிடும். அது பாடவும் வேண்டாமா?

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட் பிடுங்கிய 1962 ஜாஸ் பேஸ், எபாக்சி (கெட்டியாகும் பிசின்) பூசிய விரல்பலகை, ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங், அக்கூஸ்டிக் என்ற கம்பெனியின் 360 ஆம்ப். 1976-இல் அவருடைய முதல் ஆல்பம் வந்தபோது பேஸ் என்ற கருவியைப் பற்றி உலகம் வைத்திருந்த எண்ணமே மாறியது. அந்த எபாக்சி எதற்கு? ரவுண்ட்வவுண்ட் கம்பி பலகையை அரித்துவிடாமல் இருக்க; கூடவே நோட்டும் நீண்டு நிற்கும். நீளும் நோட்டில்தான் அந்தக் குரல் போன்ற அழுகை வருகிறது. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் மட்டும் திறந்திருக்கும். உங்கள் கணக்குப்படி அது ஹம் வரும் வழி. அதில்தான் அத்தனை அழகும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் ரூட் நோட்டைத் தட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. மேலே பாடகர் ஒரு மெட்டில் போனால் கீழே இது வேறொரு மெட்டில் போகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நெஞ்சு என்னவோ செய்யும். அவர் அதைத் தாளில் நோட்டேஷனாக எழுதித் தருகிறார். நம் ஊரில் மூன்று தலைமுறை, தான் கேட்பது பேஸ் என்று தெரியாமலே பேஸை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பாஞ்ச் வைத்து அமுக்கினால் அந்த வரிகள் என்னாவது?

நான் ஃப்ரெட்லெஸ்ஸில் கமகம் வாசிக்கிறேன். நோட்டு உயிரோடு இருந்தால்தானே அதை அசைக்க முடியும்? ஜேமர்சனை வணங்குகிறேன், ஆனால் அவர் ஒரு வழி, ஒரே வழி இல்லை.


கீழ்ஸ்தாயி எழுதியது:

நண்பரே, நல்ல மறுப்பு. நான் சொன்னது 'குட்டையாக வாசி' என்பதல்ல, நிறுத்துகிற இடம் நம் கையில் இருக்க வேண்டும் என்பது. நீளமான நோட்டுக்கும் ஒரு முடிவு உண்டு. இளையராஜா எழுதும் பேஸ் வரிகளில் ரெஸ்ட் (மௌன இடம்) எங்கே விழுகிறது என்று பாருங்கள். அவர் அரை நோட்டு எழுதிய இடத்தில் முழு நோட்டு வாசித்தால் பாட்டின் நடையே மாறிவிடும். மெட்டாக ஓடும் பேஸுக்குத்தான் இந்தக் கவனம் இரண்டு மடங்கு தேவை என்று நினைக்கிறேன். வாய்ப்பாட்டில் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விடும் இடம் இருப்பது மாதிரி.

ஜேக்கோ விஷயத்தில் நீங்களே கொஞ்சம் யோசியுங்கள். அவருடைய வேகமான பதினாறாம் நோட்டு வரிசைகளைக் கேட்டால் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக வெட்டி வைத்த மாதிரி இருக்கும். நடுவில் நிறைய சுருதியே இல்லாத செத்த நோட்டுகள், இடது கை விரலைக் கம்பி மேல் சும்மா வைத்து எழுப்புபவை. அழவைக்கும் நீள நோட்டும், இந்த வெட்டும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் அவர் அந்த உயரத்தில் இருக்கிறார். அழுகையை மட்டும் எடுத்துக்கொண்ட ஃப்ரெட்லெஸ்காரர்கள் ஏராளம்.

சரி, ஸ்பாஞ்சை ஃப்ரெட்லெஸ்ஸில் வைக்கச் சொல்ல மாட்டேன். கமகத்துக்கு நோட்டு நீள வேண்டும் என்பதில் வாதமே இல்லை.


கன்சோல்காரர் எழுதியது:

நான் வாசிப்பவன் இல்லை, மிக்சர் முன்னால் உட்காருகிறவன். பேஸிஸ்டுகள் எல்லோருக்கும் ஒரு விண்ணப்பம்: மேடையில் உங்கள் ஆம்ப் உங்களுக்கு மட்டும்தான். ஜனங்களுக்கு நான் இருக்கிறேன், லைன் கொடுத்தால் போதும்.

கல்யாண மண்டபத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. கிரானைட் தரை, நாலு பக்கமும் வெறும் சுவர், மேலே கான்கிரீட், ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்குப் பக்கம், அதாவது 27 அடிக்கு மேல். இரண்டு சுவருக்கு நடுவே அதில் பாதியோ முழுதோ சரியாகப் பொருந்திவிட்டால் அந்த ஒரு நோட்டு மட்டும் எகிறும். பாதி அலை பொருந்தும்போது நடுவில் நிற்பவருக்கு அந்த நோட்டே கேட்காது, சுவரோரம் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவருக்கு நெஞ்சு அதிரும். இதை ஈக்வலைசரால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒரு நோட்டு உங்கள் விரலை விட்டுப் போனதும் அதன் நீளத்தை முடிவு செய்வது அந்த மண்டபம்தான். அப்படிப்பட்ட இடத்தில் கீழ்ஸ்தாயி சொல்வது போல வெட்டி வாசிப்பவர் வந்தால் எனக்குப் பாதி வேலை குறையும். மண்டபம் இப்படி முழங்கினால் பேஸிஸ்டுகள் முதலில் கை வைப்பது ட்ரெபிள் மேல். கை வைக்க வேண்டியது 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே கொஞ்சம் இறக்கிவிட்டு 700 முதல் 1,000 வரை சற்று ஏற்றினால் எந்த நோட்டு என்று ஜனங்களுக்குத் தெரியும்.

கம்ப்ரெஸ்ஸர் பெடல் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது தலையை அமுக்கி வாலைத் தூக்கும். நீங்கள் பாதி அடக்கிய நோட்டை அது திரும்ப எழுப்பிவிடும். மேடையில் அதை அணைத்துவிடுங்கள், தேவையான அளவு நான் போட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக எர்த். ஜெனரேட்டரில் ஓடும் திறந்தவெளிக் கச்சேரிகளில் எர்த் சரியாக அடிக்காமல் விட்டிருப்பார்கள். கம்பியில் கை, மைக்கில் உதடு, அவ்வளவுதான், சுளீரென்று அடிக்கும். பாடிக்கொண்டே வாசிக்கும் பேஸிஸ்டுகள் மைக்கைத் தொடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஹம் வருகிறதென்று ஆம்பின் மூன்றாவது பின்னை உடைத்து மாட்டுபவர்களை நான் மேடை ஏறவே விட மாட்டேன். ஹம்முக்கு டி.ஐ. பாக்ஸில் (பேஸை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால் போதும்.


முப்பது அங்குலம் (கோவை) எழுதியது:

எல்லோரும் 34 அங்குலத்தை வேதம் மாதிரி பேசுகிறீர்கள். என் கை சின்னது. முதல் பேஸ் வாங்கப் போன கடையில், ஷார்ட் ஸ்கேல் கேட்டதற்கு "அது குழந்தைகளுக்கு, லேடீஸுக்கு கீபோர்டு பார்க்கலாமே" என்றார் விற்பவர். அந்தக் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் வாசிப்பையே விட்டுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும், அதனால் இதை எழுதியே ஆக வேண்டும்.

பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர் 30 அங்குலம்தான். 1966-இல் ஃபெண்டர் கொண்டுவந்த மஸ்டாங் பேஸும் 30. யாரும் அவற்றைப் பொம்மை என்று சொல்லவில்லை. அப்புறம், பெண்கள் வாசிப்பது பற்றி: அறுபதுகளில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் கணக்கில்லாத பதிவுகளுக்கு பேஸ் வாசித்தவர் கரோல் கே. பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து, ஃப்ளாட்வவுண்டில், பிரிட்ஜ் பக்கம் துணி வைத்து அடக்கித்தான் வாசித்தார். கீழ்ஸ்தாயி அண்ணா, உங்கள் கட்சிதான் அவர், நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மும்பையின் மோகினி டே ஏ.ஆர். ரஹ்மானோடு மேடையில் வாசித்ததைப் பார்த்துவிட்டு எங்கள் காலேஜில் பேஸ் கேட்டு வந்த பெண்கள் உண்டு.

ஷார்ட் ஸ்கேலில் கம்பியின் இழுவிசை குறைவு. நோட்டு தடிமனாக விழும், நீளமும் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். உங்கள் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி ஏது? ஒரே குறை, கடைசி ஈ கம்பி தொளதொளவென்று இருக்கும். 105-க்குப் பதில் 110 கேஜ் (கம்பியின் தடிமன்) போட்டால் பரவாயில்லை. ஷார்ட் ஸ்கேலுக்கென்றே வரும் ஸ்ட்ரிங்கைத்தான் வாங்க வேண்டும். நீளமானதை வெட்டி மாட்டினால் டியூனர் கட்டையில் தடித்த பகுதி சுற்றி, கம்பியின் சுற்று பிரிந்துவிடலாம்.


இடதுகை கீபோர்டு எழுதியது:

கீபோர்டுக்காரன் இடது கையை அடக்கினால் நன்றி என்று எழுதியிருக்கிறீர்கள், படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. அந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கச்சேரி நடத்துபவர் பட்ஜெட் குறைக்கும்போது முதலில் கழட்டிவிடுவது பேஸிஸ்டைத்தான். "நீங்களே இடது கையில் போட்டுடுங்க சார்" என்பார். கீபோர்டை இரண்டாகப் பிரித்து கீழ்ப்பாதியில் பேஸ் டோன் வைத்து, கார்டு, ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல் எல்லாம் மேல்பாதியில் சமாளிப்போம். மாதம் பூராவும் அப்படி வாசித்துவிட்டு, ஒருநாள் உண்மையான பேஸிஸ்ட் வந்து நிற்கும்போது இடது கை தானாகக் கீழே போகிறது. வேண்டுமென்று செய்வதில்லை.

நான் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். பேஸிஸ்ட் மேடையில் இருந்தால் நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி-யைத் தாண்டி இறங்க மாட்டேன். ஒருத்தர் வாசிக்கும் இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்தால் இரண்டுமே வீண். சஸ்டெய்ன் பெடலையும் கார்டு மாறும்போதெல்லாம் தூக்கிவிடுவேன்.

ஆனால் பேஸிஸ்டுகளும் ஒன்று செய்ய வேண்டும். பாடகர் "இன்னிக்கு தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்று மேடையில் சொல்லும்போது நான் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிடுவேன். உங்களுக்கு அந்த பட்டன் கிடையாது. திறந்த கம்பியை நம்பி வாசிக்கும் பேஸிஸ்டுகள் அந்த நேரத்தில் தடுமாறுவார்கள், பாட்டு முழுக்க ஆடும். எல்லாக் கட்டையிலும் வாசித்துப் பழகிவிட்டு வாருங்கள்.


நெல்லை ஆலயம் எழுதியது:

சார், நான் சர்ச்சில் வாசிக்கிறேன். பழைய கற்கோவில், உயரமான கூரை, ஒரு நோட்டு வாசித்தால் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் எவ்வளவு வெட்டினாலும் கேட்பவர்களுக்கு எல்லாம் குழம்பித்தான் கேட்கிறதாம். அஞ்சு கம்பி பேஸ் ஒன்று காணிக்கையாக வந்திருக்கிறது, அந்த பி கம்பியை நான் பயன்படுத்தலாமா? மழைக்காலத்தில் நெக் வளைந்து கம்பி பலகையை விட்டு மேலே போய்விடுகிறது. அப்புறம் அந்த ஸ்பாஞ்ச் எப்படி வைப்பது, எந்தத் தடிமன் என்றும் சொல்லுங்கள்.


கீழ்ஸ்தாயி எழுதியது:

எல்லோருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கோவைத் தங்கச்சி, கரோல் கே பெயரைச் சேர்த்ததற்கு நன்றி. அந்தக் கடைக்காரர் சொன்னதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. இனி என்னிடம் கேட்பவர்களுக்கு 30 அங்குலத்தையும் கையில் வாங்கி வாசித்துப் பார்க்கச் சொல்வேன். கீபோர்டு சார், நீங்கள் எழுதிய காரணம் நியாயமானது. பேஸிஸ்டைக் கழட்டிவிட்டு நடத்தும் கச்சேரிகளுக்குக் கோபப்பட வேண்டியது உங்கள் மேல் இல்லை. ஆனால் அந்த சி விதியை எல்லாக் கீபோர்டு நண்பர்களும் வைத்துக்கொண்டால் மேடைக்கு மேடை வித்தியாசம் தெரியும்.

நெல்லை தம்பிக்கு. கற்கோவிலில் நோட்டை வெட்டுவது மட்டும் போதாது, நோட்டின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டும். பாமாலை வேகமாகப் போனாலும் ஒரு அளவுக்கு இரண்டு நோட்டு போதும், கார்டு மாறும் இடத்தில் மட்டும் வாசியுங்கள். ரூட்டை ஈ கம்பியில் பிடிக்காமல் ஒரு ஆக்டேவ் மேலே டி கம்பியில் பிடித்துப் பாருங்கள். கட்டிடம் அந்த உயரத்தில் அவ்வளவு குழப்பாது. ஆம்பைச் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி, காதுக்கு நேராக வருமாறு ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். மூலையில் வைத்தால் கீழ் ஸ்தாயி வீங்கும்.

பி கம்பி 31 ஹெர்ட்ஸ். உங்கள் ஸ்பீக்கரில் அது அநேகமாக வராது. நீங்கள் கேட்பது அதன் மேல் ஸ்வரமான 62-ஐத்தான். அடி ஒலி இல்லாவிட்டாலும் மேல் ஸ்வரங்களை வைத்து மூளை அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். போனின் சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் எந்த நோட்டு என்று நமக்குத் தெரிவது இதனால்தான். அதனால் அந்தக் கோவிலில் பி கம்பியை வாசிக்க வேண்டாம், வலது கைப் பெருவிரலை அதன் மேல் வைத்து ஓயாமல் அடக்கியே வையுங்கள். ஏ கம்பியை வாசிக்கும்போது சும்மா கிடக்கும் பி அதிர்ந்து ஒலிக்கும், அஞ்சு கம்பியில் முக்கால்வாசிக் குழப்பத்துக்குக் காரணம் அதுதான். காணிக்கையாக வந்த பேஸ் பேட்டரி போடும் ஆக்டிவ் என்றால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே வைத்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

நெக் பற்றி. ஈரத்தில் மரம் அசையத்தான் செய்யும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று லேசாக நுழைந்தால் சரி. அதைவிட அதிகம் என்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டு) கடிகாரத் திசையில் கால் சுற்று மட்டும் திருகி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். முறுக்கிக்கொண்டு திரும்ப மறுத்தால் பலம் போடாதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

ஸ்பாஞ்சுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். புது மிக்சியோ மொபைலோ வந்த பெட்டியில் இருக்கும் மிருதுவான பேக்கிங் ஃபோமே போதும். பிரிட்ஜை ஒட்டினாற்போல் கம்பிகளுக்கு அடியில் எல்லாக் கம்பியின் அகலத்துக்கும் ஒரு துண்டு வெட்டுங்கள். உயரம் கம்பியைத் தொடும் அளவு இருந்தால் போதும். கம்பியைத் தூக்கினால் சுருதி ஏறிவிடும். வைத்த பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் நோட்டை வாசித்து, டியூனரில் சுருதியைச் சரிபாருங்கள். மாறியிருந்தால் ஃபோமில் ஒரு சீவு சீவி எடுங்கள். ஈ கம்பிக்குக் கீழே அழுத்தம் கூடவும் ஜி கம்பிக்குக் கீழே குறையவும் இருந்தால் எல்லாக் கம்பியும் ஒரே நீளத்தில் அடங்கும். இதற்காக ஃபோமைச் சாய்வாக வெட்டிக்கொள்ளலாம்.

ஞாயிறு ஆராதனையில் ஒரே ஒரு பாட்டுக்கு வைத்துப் பார்த்துவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்த யாரையாவது கேட்டு எழுதுங்கள் தம்பி.


நெல்லை ஆலயம் எழுதியது:

நன்றி சார். பிரிட்ஜில் மூடி எதுவும் இல்லை, ஃபோம் நழுவிவிடாதா?


கீழ்ஸ்தாயி எழுதியது:

கம்பியின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். பாட்டுக்கு நடுவில் தேவையில்லை என்றால் இழுத்து வெளியே எடுக்கவும் வசதி, அதனால் பசை போட்டு ஒட்டாதீர்கள்.